பழைய காமிக்ஸ் பிடிப்பது வெறும் பால்ய ஏக்கமா?

கேள்வி: 2023 ஜூன் 4

"இரும்புக்கை மாயாவி மறுபதிப்பு ஒன்று கைக்கு வந்தது. எனக்கு வயது இருபத்து நான்கு. ஒரே மூச்சில் படித்து முடித்தேன். லாஜிக் இல்லை. நாலைந்து பக்கத்துக்கு ஒருமுறை யாராவது சாகக் கிடக்கிறார்கள், அடுத்த பக்கத்திலேயே தப்பித்துவிடுகிறார்கள். ஐம்பது வயதுக்காரர்கள் இதைக் கொண்டாடக் காரணம் பள்ளிக்கூட ஞாபகம்தான், வேறொன்றும் இல்லை என்று நினைக்கிறேன். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்."

2023 ஜூன் 4, இரவு

மறுக்கிறேன். கார்ட்டூன் வரைவது என் தொழில். வரைகிறவன் கண்ணுக்குத் தெரிவதைச் சொல்கிறேன்.

கதை குழந்தைத்தனம் என்பது சரி, அது சிறுவர்களுக்காக எழுதப்பட்டதுதான். லண்டனில் வேலியன்ட் என்ற சிறுவர் வார இதழ் 1962 அக்டோபரில் தொடங்கியபோதே இந்தத் தொடரும் தொடங்கியது. வாரத்துக்குச் சில பக்கங்கள்தான் இடம். ஏழு நாள் கழித்து அந்தப் பையன் மறுபடியும் கடைக்குப் போய்க் காசு கொடுக்க வேண்டும். அதற்குக் கடைசிக் கட்டத்தில் ஓர் ஆபத்து இருந்தே தீர வேண்டும். நாலைந்து பக்கத்துக்கு ஒருமுறை என்று நீங்கள் எண்ணியது அந்த வாரக் கணக்கை. மாதக்கணக்கில் காத்திருந்து படிக்க எழுதியதை ஒரே மூச்சில் படித்தால் அந்தத் தையல்தான் கண்ணில் படும்.

இப்போது படத்துக்கு வாருங்கள். மின்சாரம் பாய்ந்தால் மாயாவியான லூயி கிராண்டேலின் உடல் மறைந்துவிடும், இரும்புக் கை மட்டும் தெரியும். எழுதுகிறவருக்கு இது ஒரு வரி வேலை. வரைகிறவருக்கு? கதாநாயகனுக்கு முகம் கிடையாது, தோள் கிடையாது, நடை கிடையாது. கோபம், பயம், அவசரம், தயக்கம் எல்லாவற்றையும் காற்றில் மிதக்கும் ஒரு கையிலேயே காட்டியாக வேண்டும். பார்சிலோனாவைச் சேர்ந்த ஹெசூஸ் பிளாஸ்கோ அதைச் செய்திருக்கிறார். கதவுப் பிடியைத் திருகும்போது அந்த விரல்கள் எப்படி வளைகின்றன, துப்பாக்கியைப் பறிக்கும்போது எப்படி விறைக்கின்றன என்று பாருங்கள். கையைச் சுற்றி நிற்பவர்களின் கண் எங்கே போகிறது என்பதையும் பாருங்கள். கை எங்கே இருக்கிறது என்பதை அந்தக் கண்கள்தான் நமக்குக் காட்டிக்கொடுக்கின்றன. நான் வரையும் ஒற்றைக் கட்ட அரசியல் கார்ட்டூனில் இன்றைக்கும் இதைத்தான் செய்கிறேன்: முக்கியமான பொருளைப் பெரிதாக்க இடம் இல்லையென்றால், சுற்றி இருப்பவர்களை அதைப் பார்க்க வைத்துவிடுவேன்.

2023 ஜூன் 5

"நீங்களும் சின்ன வயதில் படித்தவர்தானே? அதே ஏக்கத்தை ஓவியப் பாடமாக மாற்றிச் சொல்கிறீர்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நியாயமான சந்தேகம். அதற்கு ஒரு சோதனை இருக்கிறது. சின்ன வயதில் கண்ணிலேயே படாத பழைய காமிக்ஸ், தலை நரைக்கத் தொடங்கிய பிறகு கைக்கு வந்தபோது என்ன செய்தது?

எனக்கு அப்படி வந்தது க்ரேஸி கேட். ஜார்ஜ் ஹெரிமன் 1913 முதல் 1944இல் சாகும்வரை வரைந்தது. ஒரு பூனை, அதன் தலையில் செங்கல் எறியும் எலி, எலியைப் பிடித்துச் சிறையில் போடும் நாய் போலீஸ். முப்பது ஆண்டுக்கு மேல் இதே கதை. எலி எறியும் செங்கல்லை அன்பின் அடையாளமாகவே பூனை எடுத்துக்கொள்கிறது. முதலில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அப்புறம் பின்னணியைக் கவனித்தேன். கட்டத்துக்குக் கட்டம் அது மாறிக்கொண்டே இருக்கிறது! பூனையும் எலியும் நின்ற இடத்தில் நின்று பேசுகின்றன. பின்னால் மலை மரமாகிறது, மரம் வீடாகிறது, பகல் இரவாகிறது. யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. அரிசோனா பாலைவனத்தின் பாறைகளை ஹெரிமன் அவ்வளவு நேசித்திருக்கிறார். பல பத்திரிகை ஆசிரியர்களுக்கு அது பிடிக்கவில்லை, முதலாளி ஹெர்ஸ்ட்டுக்குப் பிடித்திருந்தது, அதனால் ஓடியது. ஹெரிமன் இறந்ததும் வேறு கைக்குக் கொடுக்காமல் நிறுத்திவிட்டார்கள்.

எனக்கும் இந்தப் பூனைக்கும் எந்தப் பால்யமும் இல்லை. ஆனாலும் என் மேசைக்குப் பக்கத்தில் எப்போதும் இருக்கும் புத்தகம் அதுதான்.

2023 ஜூன் 5, பின்னிரவு

இன்னொன்றும் சேர்க்க வேண்டும், ராய் கிரேன். 1924இல் வாஷ் டப்ஸ் என்ற நாளிதழ்ப் படக்கதையைத் தொடங்கியவர். சிரிப்புப் படமாகத் தொடங்கியதைச் சாகசக் கதையாகத் திருப்பியவர்களில் முன்னோடி. கிராஃப்டின்ட் என்று ஒரு தாள் அவருக்குக் கிடைத்தது. வெறும் கண்ணுக்கு வெள்ளைத் தாள்தான், ஆனால் உள்ளே தெரியாத கோடுகள் அச்சிட்டிருக்கும். ஒரு ரசாயனத்தைப் பிரஷில் தொட்டுத் தடவினால் ஒரு வரிசைக் கோடுகள் எழும்பும். இன்னொரு ரசாயனத்தைத் தடவினால் குறுக்குக் கோடும் சேர்ந்து எழும்பிச் சாம்பல் இன்னும் அடர்த்தியாகும். இரண்டே இரண்டு சாம்பல் நிறம். அவற்றை வைத்துக்கொண்டு கடல், மூடுபனி, காட்டுக்குள் விழும் வெயில் எல்லாம் வரைந்தார். இன்றைய மென்பொருளில் ஆயிரம் சாம்பல் கிடைக்கிறது. கிரேனின் கடலில் இருக்கும் ஈரம் எனக்கு அதில் கிடைக்கவில்லை.

2023 ஜூன் 9

"கோடு, சாம்பல் எல்லாம் வரைகிறவர்களுக்கு. எங்களைப் போன்ற வாசகனுக்கு என்ன?" என்ற கேள்விக்கு ரிப் கெர்பியை வைத்துப் பதில் சொல்லலாம்.

அலெக்ஸ் ரேமண்ட் 1934இல் ஃப்ளாஷ் கார்டன் வரையத் தொடங்கியவர். வேற்றுக் கிரகம், இறக்கை மனிதர்கள், பளபளக்கும் உடல்கள். போரின்போது அமெரிக்க மரைன் படையில் சேர்ந்து திரும்பி வந்து, 1946இல் ரிப் கெர்பியைத் தொடங்கினார். கண்ணாடி போட்ட, பைப் பிடிக்கும், யோசிக்கிற துப்பறிவாளர். வீட்டில் டெஸ்மண்ட் என்ற பணியாள், முன்னாள் திருடர். தமிழில் முத்து காமிக்ஸ் வழியாக இந்த இருவரையும் அறிந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பார்கள்.

தினசரி ஸ்ட்ரிப், அதாவது நாளிதழில் தினமும் ஒரு வரிசையாக வரும் படக்கதை, மூன்று கட்டம், மிஞ்சினால் நான்கு. முதல் கட்டத்தில் நேற்றைய நிலவரம் தெரிய வேண்டும், ஏனென்றால் நேற்றைய பேப்பரைப் பார்க்காதவர் இருப்பார். நடுவில் ஏதாவது நகர வேண்டும். கடைசியில் நாளைக்கான கேள்வி. இதற்குள் ஆட்களின் உடை, அறையின் மேசை விளக்கு, வெளியே மழை என்று ஓர் உலகமே இருக்க வேண்டும். இதை வருடக்கணக்கில் செய்கிறவருக்கு வீண் கட்டம் போடுவது என்பதே மறந்துபோகும். ரேமண்டின் ஸ்ட்ரிப்பில் ஒருவர் அறைக்குள் நுழைந்தால், கதவருகே நின்ற விதத்திலேயே அவர் பொய் சொல்ல வந்திருக்கிறார் என்று தெரியும். பேச்சு பலூனைப் படிப்பதற்கு முன்பே வாசகருக்கு அது தெரிந்துவிடுகிறது. கோடு பற்றி ஒன்றும் தெரியாத என் அத்தை, ரிப் கெர்பியில் வரும் பெண்களைப் பார்த்து "இவ சரியில்லடா" என்று கதை தொடங்கும்போதே சொல்லிவிடுவார். பெரும்பாலும் சரியாக இருக்கும். வாசகருக்கு என்ன என்று கேட்டீர்களே, அதுதான்.

1956 செப்டம்பரில் கனெக்டிகட்டில் நடந்த கார் விபத்தில் ரேமண்ட் இறந்தார், வயது 46. அவரோடு காரில் இருந்த ஸ்டான் டிரேக்கும் ஸ்ட்ரிப் ஓவியர்தான், காயத்தோடு தப்பினார். தொடரை ஜான் ப்ரென்டிஸ் ஏற்றுக்கொண்டு 1999 வரை வரைந்தார். சிறுவனாக இருந்தபோது எனக்கு இந்தப் பெயர் எதுவும் தெரியாது. ஆனால் சில புத்தகங்களில் ரிப் கெர்பியின் தாடை வேறு மாதிரி இருக்கிறதே, நிழல்கள் கொஞ்சம் கனக்கின்றனவே என்று தோன்றியிருக்கிறது. பிற்பாடு, கட்டத்தின் மூலையில் இருந்த சின்னக் கையெழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோதுதான் இரண்டு மனிதர்கள் என்று தெரிந்தது. அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஒரு கோட்டை வைத்து ஆளை அடையாளம் காண முடியும் என்ற நம்பிக்கை அங்கிருந்து வந்தது.

2023 ஜூன் 10

பேப்பர் ஸ்ட்ரிப்பைப் புத்தகமாக்கும்போது கட்டங்களை வெட்டி ஒட்டுகிறார்களா என்று கேட்ட நண்பருக்கு: ஆமாம், பேப்பரில் கிடையாக ஓடும் ஸ்ட்ரிப்பைப் புத்தகப் பக்கமாக்க வேண்டும் என்றால் கட்டங்களைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். இது நம் ஊர்ப் பதிப்பாளர்கள் கண்டுபிடித்த குறுக்குவழி என்று நினைக்காதீர்கள். அமெரிக்க காமிக் புத்தகம் என்ற வடிவமே 1930களில் பேப்பர் ஸ்ட்ரிப்புகளை மறுபடி அச்சிட்டுத்தான் பிறந்தது. 1938இல் ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழில் வந்த சூப்பர்மேன் கதையும் அப்படித்தான். ஜெர்ரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் பேப்பரில் இடம் பிடிப்பதற்காக ஸ்ட்ரிப்பாக வரைந்து வைத்திருந்தார்கள். அதை வெட்டி ஒட்டி 13 பக்கமாக்கினார்கள். அதற்குக் கிடைத்த தொகை 130 டாலர், பாத்திரத்தின் உரிமையும் அதோடு போய்விட்டது. அதே சீகல் 1960களில் இங்கிலாந்தின் லயன் இதழுக்கு ஸ்பைடர் கதைகள் எழுதினார். தமிழில் லயன் காமிக்ஸில் வந்த அந்தக் கூர்ங்காது ஸ்பைடர்தான். சூப்பர்மேனைப் படைத்த கை எழுதிய கதையைச் சிவகாசியில் அச்சான புத்தகத்தில், யார் எழுதியது என்றே தெரியாமல் படித்திருக்கிறோம்.

2023 ஜூன் 14

வேதாளர் (ஆங்கிலத்தில் ஃபான்டம்) பற்றிக் கட்டாயம் பேச வேண்டும் என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். முத்துவில் வேதாளர், ராணி காமிக்ஸில் முகமூடி வீரர் மாயாவி. லீ ஃபாக் 1936 பிப்ரவரியில் தொடங்கியது. முதல் ஓவியர் ரே மூர், அடுத்து வில்சன் மெக்காய், 1961 முதல் சை பாரி. 1964இல் டைம்ஸ் ஆஃப் இந்தியா குழுமம் இந்திரஜால் காமிக்ஸைத் தொடங்கியபோது முதல் இதழே வேதாளர் கதைதான், மெக்காய் வரைந்தது.

எங்கள் தெருவில் எல்லோரும் சை பாரி கட்சி. குதிரையின் தசை, காட்டின் இருட்டு, சண்டையில் மடங்கி விழும் உடல் எல்லாம் கச்சிதம். மெக்காய் வரைந்தது பொம்மை மாதிரி இருக்கிறது என்று ஒதுக்குவோம். வரையத் தொடங்கிய பிறகு என் பார்வை மாறியது. மெக்காயின் கட்டத்தில் தேவையில்லாத கோடு ஒன்றுகூட இல்லை. தட்டையான முகம், தெளிவான உருவக்கோடு, யார் எங்கே நிற்கிறார்கள் என்பதில் ஒரு சந்தேகமும் வராது. மோசமான தாளில், மங்கிய மையில், இஷ்டத்துக்குச் சிறிதாக்கி அச்சடித்தாலும் அவர் படம் பிழைத்துக்கொள்ளும். சை பாரியின் நுணுக்கமான நிழல்கள் அதே தாளில் குழம்பிப்போன பக்கங்கள் என்னிடம் இருக்கின்றன. இன்றும் எனக்கு அதிகம் பிடித்தவர் சை பாரிதான். ஆனால் நாளிதழுக்குக் கார்ட்டூன் வரைய உட்காரும்போது நான் எடுத்துப் பார்ப்பது மெக்காயை.

வேதாளர் உடையின் நிறம் பற்றி ஒரு சண்டை நடக்கிறது, அதையும் தீர்த்துவிடலாம். 1939இல் ஞாயிறு வண்ணப் பக்கம் வந்தபோது ஊதாவாக அச்சானது. ஃபாக் மனதில் நினைத்திருந்தது சாம்பல் நிறம். இத்தாலியிலும் பிரேசிலிலும் சிவப்பு, ஸ்வீடனில் நீலம். அடர்ந்த காட்டில் ஊதாச் சட்டையோடு ஒளிந்து திரிவது எப்படி என்று கேட்பவர்கள், தினசரி ஸ்ட்ரிப்பில் அவர் வெறும் கறுப்பு வெள்ளையில்தான் திரிந்தார் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே நிழலோடு நிழலாக நன்றாகவே ஒளிந்தார்.

2023 ஜூன் 15

நேற்று எழுதியதில் ஒரு பக்கத்தைத் தொடாமல் விட்டது உறுத்துகிறது. வேதாளர் கதையின் அடிப்படையை இன்று படித்தால் நெருடும். ஆப்பிரிக்கக் காட்டு மக்களுக்கு நீதி சொல்ல இருபத்தோரு தலைமுறையாக ஒரு வெள்ளைக்காரர் குகையில் உட்கார்ந்திருக்கிறார். ஃபாக்கின் இன்னொரு தொடரான மான்ட்ரேக்கில், மந்திரவாதி மான்ட்ரேக்கின் துணைவர் லோதர் ஓர் இளவரசர், ஆனால் 1930களில் அவரைச் சிறுத்தைத் தோலும் குல்லாயும் அணிந்து உடைந்த ஆங்கிலம் பேசும் பணியாளாக வரைந்தார்கள். 1960களின் நடுவில் ஃப்ரெட் ஃப்ரெடெரிக்ஸ் வரைய வந்த பிறகுதான் அந்தப் பேச்சும் உடையும் மாறின. மில்டன் கானிஃப் என்ற பெரும் ஓவியரின் டெரி அண்ட் த பைரேட்ஸில் சீனப் பையன் கானியின் பல்லையும் காதையும் பார்த்தால் எனக்கு இன்றும் கூசுகிறது. அதே பக்கத்தில் கானிஃப் மழையையும் விமானத்தையும் கறுப்பு மையால் வரைந்திருக்கும் அழகு வேறு யாருக்கும் வராது.

இரண்டையும் சேர்த்தே பார்க்கிறேன். ஒன்றுக்காக இன்னொன்றை மறைக்க எனக்கு மனம் இல்லை. சின்னப் பிள்ளைகளிடம் கொடுக்கும்போது கூட உட்கார்ந்து படிக்கிறேன், கேள்வி வந்தால் பதில் சொல்கிறேன். பால்ய ஏக்கம் மட்டுமே இருந்தால் இதைப் பார்க்கவே கண் மறுக்கும்.

2023 ஜூன் 21

இடம் சுருங்குவது பற்றி.

சில வருடங்களுக்கு முன், நான் வரைந்துகொண்டிருந்த ஒரு நாளிதழில் என் கார்ட்டூனை இரண்டு பத்தி அகலத்திலிருந்து ஒரு பத்திக்குச் சுருக்கினார்கள். முன்கூட்டிச் சொல்லவில்லை. காலையில் பேப்பரைப் பிரித்தால் மூன்று பேர் நிற்கும் படத்தில் முகங்கள் கடுகளவு. அன்று ரொம்ப வலித்தது. அந்த வாரம் முழுக்க சார்லஸ் ஷுல்ஸின் பீனட்ஸைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

பீனட்ஸ் 1950 அக்டோபரில் ஏழு பேப்பர்களில் தொடங்கியது. சின்ன ஸ்ட்ரிப், இடத்தை மிச்சப்படுத்தும் என்று சொல்லித்தான் ஆசிரியர்களிடம் விற்றார்கள். நான்கு கட்டமும் ஒரே அளவு. கிடையாகப் போடலாம், செங்குத்தாகப் போடலாம், இரண்டுக்கு இரண்டாகச் சதுரத்திலும் போடலாம். ஓவியருக்கு இது விலங்குதான், ஷுல்ஸுக்கும் அது பிடிக்கவில்லை. அந்தச் சிறைக்குள் அவர் என்ன செய்தார் பாருங்கள். கேமராவைத் தரையோடு இறக்கி, குழந்தையின் கண் உயரத்தில் வைத்தார். பெரியவர்களை வெளியே தள்ளினார். பின்னணியை ஒரு சுவர், ஒரு கிடைக்கோடு, கொஞ்சம் புல் என்று குறைத்தார். மிச்சம் இருந்த வெள்ளை இடத்தில் ஒரு பையனின் தனிமை தெரிந்தது. சார்லி பிரவுனின் வாய் ஒரு நெளிகோடு, அதை அரை மில்லிமீட்டர் மாற்றினால் வேறு உணர்ச்சி.

உதவியாளர் வைத்துக்கொள்ளாமல் தானே வரைந்து, தானே எழுத்தும் எழுதினார். மொத்தம் 17,897 ஸ்ட்ரிப்புகள். அவருக்குப் பிடித்த எஸ்டர்புரூக் நிப்பைத் தயாரித்த நிறுவனம் மூடப்போகிறது என்று தெரிந்ததும் இருந்த சரக்கையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டார். நிப்பு பிடிக்கும் எல்லோருக்கும் இந்தச் செய்தி நெஞ்சில் படும். 2000 பிப்ரவரி 12 இரவு இறந்தார். மறுநாள் காலைப் பேப்பரில் அவருடைய கடைசி ஞாயிறு ஸ்ட்ரிப் வந்தது.

எதிர்த் திசையில் போனவர் பில் வாட்டர்சன். ஞாயிறுப் பக்கத்தின் மேல் வரிசையை எந்தப் பேப்பரும் வெட்டி எறிய வசதியாக வரைய வேண்டும் என்பது பழைய ஏற்பாடு. அதாவது அந்த வரிசை இல்லாவிட்டாலும் கதை புரிய வேண்டும். கால்வின் அண்ட் ஹாப்ஸுக்கு அப்படி வரைய மாட்டேன், அரைப் பக்கம் முழுதாகக் கொடுங்கள், பிரிக்கக் கூடாது என்று நின்றார். 1992இலிருந்து அது கிடைத்தது. அதற்குப் பிறகு வந்த ஞாயிறுப் பக்கங்களில் டைனோசர்களும் பள்ளத்தாக்குகளும் பக்கத்தை நிறைத்துப் படுத்திருக்கின்றன. 1995 டிசம்பர் 31 அன்று, புகழின் உச்சியில், நிறுத்திக்கொண்டார்.

அந்த வாரத்துக்குப் பிறகு என் கார்ட்டூனில் ஆட்களை இருவராகக் குறைத்தேன். ஒரு பத்தி அகலத்தில் நன்றாகவே நின்றது. பெரிய இடம் கேட்டுக் கடிதமும் எழுதினேன்.

2023 ஜூன் 22

இல்லை, நேற்று சொன்னதில் ஓர் ஆபத்து இருக்கிறது. சிறிய இடத்தில் ஷுல்ஸ் சாதித்ததால் சிறிய இடம் நல்லது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வின்சர் மெக்கே 1905இல் நியூயார்க் ஹெரால்டில் லிட்டில் நீமோ தொடங்கியபோது அவருக்கு முழுப் பேப்பர் பக்கம், வண்ணத்தில். கட்டிலுக்குக் கால் முளைத்து நகரத்துக் கூரைகளைத் தாண்டி நடக்கும் பக்கத்தில், கால் நீள நீளக் கட்டமும் நீள்கிறது. அந்தப் பக்கத்தை ஒரு பத்தியில் அடைத்தால் ஒன்றும் மிஞ்சாது. சாகச ஸ்ட்ரிப்புகள் செத்ததற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று அச்சளவு சுருங்கியதுதான். ரேமண்ட் வரைந்த மாதிரியான அறையை அஞ்சல்தலை அளவில் யாரால் வரைய முடியும்? யாரால் பார்க்க முடியும்?

2023 ஜூன் 28

"பழைய வண்ண காமிக்ஸில் முகத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிவது அச்சுப் பிழை, மறுபதிப்பில் அதை நீக்கியது நல்லது" என்று எழுதியவருக்கு: பிழை அல்ல, வண்ணமே அந்தப் புள்ளிதான். சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு என்று நான்கு மைதான். வெளிர் நிறம் வேண்டுமானால் மையைப் புள்ளிகளாக வைப்பார்கள். கொஞ்சம் சிவப்புப் புள்ளியும் கொஞ்சம் மஞ்சளும் சேர்ந்தால் தூரத்துக்கு அது கன்னத்தின் நிறம். பெஞ்சமின் டே என்பவர் 1879இல் உருவாக்கிய முறையிலிருந்து வந்தது, அவர் பெயரிலேயே பென் டே புள்ளிகள் என்பார்கள். எந்த நிறத்தை எத்தனை சதவீதம் என்று ஓவியத்தின் நகலில் குறித்துக் கொடுத்துவிடுவார்கள், அச்சுத் தகட்டில் அதைப் பிரிப்பது வேறு கைகள். அந்தக் கைகளின் பெயர் எங்கேயும் அச்சாகவில்லை.

மறுபதிப்பில் பளபளப்பான ஆர்ட் தாளில், கணினியில் மழமழவென்று நிறம் ஏற்றும்போது எனக்கு என்ன இடிக்கிறது என்றால், ஓவியர் சொரசொரப்பான நியூஸ்பிரின்ட்டை மனதில் வைத்து வரைந்திருக்கிறார். மை பரவும் என்று தெரிந்தே கோடுகளுக்கு நடுவில் இடம் விட்டிருக்கிறார். வெள்ளைவெளேர் தாளில் அந்த இடம் வெறிச்சென்று நிற்கிறது. கொஞ்சம் மங்கலான, மினுக்கம் இல்லாத தாளில், மூலத்தின் தட்டை நிறங்களோடு அச்சிட்ட மறுபதிப்புகளும் வருகின்றன. கிடைத்தால் அதை வாங்குங்கள்.

2023 ஜூலை 3

பழசை எப்படிப் பாதுகாப்பது என்ற கேள்வி வரும் என்று தெரியும். அதற்கு முன் பில் பிளாக்பியர்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

1960களில் அமெரிக்க நூலகங்கள் பழைய நாளிதழ்களை மைக்ரோஃபிலிமில் படம் பிடித்துவிட்டு, பைண்டு செய்த மூலத் தொகுதிகளைக் கழிக்கத் தொடங்கின. மைக்ரோஃபிலிம் கறுப்பு வெள்ளை. ஐம்பது அறுபது ஆண்டு ஞாயிறு வண்ணப் பக்கங்கள் குப்பைக்குப் போகும் நிலை. சான் பிரான்சிஸ்கோவில் இருந்த பிளாக்பியர்ட் அவற்றைக் கேட்டார். தனி மனிதருக்குக் கொடுக்க முடியாது என்றார்கள். லாபநோக்கற்ற அமைப்பாகப் பதிவு செய்துகொண்டு திரும்பப் போய்க் கேட்டார். வீடு முழுக்க, தரை முதல் கூரை வரை பேப்பர். 1990களின் இறுதியில் அந்தச் சேகரிப்பு ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது ஆறு பெரிய டிரக்குகள் தேவைப்பட்டன, எடை சுமார் 75 டன். இன்று பழைய ஸ்ட்ரிப்புகளின் அழகான தொகுப்புகள் வருகின்றனவே, அவற்றில் எத்தனையோ பக்கங்கள் இவர் காப்பாற்றிய தாளிலிருந்து எடுத்தவை.

நம் பக்கம் அப்படி ஒருவர் பெரிய அளவில் கிளம்பவில்லை. பழைய காமிக்ஸ் எடைக்குப் போயிற்று. மிஞ்சியது வாடகை நூல் நிலையங்களிலும், திருவல்லிக்கேணியில் ஞாயிற்றுக்கிழமை நடைபாதையில் விரிக்கும் கடைகளிலும், சில பிடிவாதக்காரர்களின் டிரங்குப் பெட்டிகளிலும்தான். மூர் மார்க்கெட் 1985இல் எரிந்தபோது என்னென்ன போயிற்றோ. அட்டையில் நூல் நிலைய முத்திரை, உள்ளே யாரோ ஒரு பையனின் பெயர், வகுப்பு, பிரிவு எழுதிய புத்தகங்கள்தான் எனக்கு அதிகம் கிடைத்திருக்கின்றன. அந்த எழுத்தை அழிக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு புத்தகம் எந்த ஊருக்குப் போனது, யார் படித்தார்கள் என்பதற்கு வேறு பதிவு இல்லை.

செய்ய வேண்டியது: துருப்பிடித்த பின்னை மெதுவாக நிமிர்த்தி எடுத்துவிடுங்கள், துரு தாளைத் தின்னும். செல்லோ டேப் ஒட்டவே கூடாது, சில வருடங்களில் பசை பழுப்பாகி ஊறிவிடும். லேமினேஷன் அதைவிடக் கெடுதல், பிரிக்கவே முடியாது. வெயில் படாத, ஈரம் ஏறாத இடத்தில் படுக்கை வாக்கில் வையுங்கள். கரையான் வரும் சுவரில் அலமாரி வைக்க வேண்டாம். ஸ்கேன் எடுத்தால் கறுப்பு வெள்ளைப் பக்கமாக இருந்தாலும் வண்ணத்திலேயே எடுங்கள், 600 டிபிஐக்குக் குறையாமல். மையும் கறையும் வேறுவேறு நிறம், பிற்பாடு சுத்தம் செய்ய அந்த வேறுபாடுதான் உதவும்.

2023 ஜூலை 9

முதலில் கேள்வி கேட்ட நண்பர் திரும்ப வந்திருக்கிறார். உளவாளி காரிகன் கதை ஒன்றை எங்கோ தேடிப் பிடித்துப் படித்தாராம். "கதை சுமார். ஆனால் ஒரு விமான நிலையக் காட்சியை மட்டும் பல தடவை பார்த்தேன், ஏன் என்று தெரியவில்லை" என்கிறார்.

அதை வரைந்தவர் ஆல் வில்லியம்சனாக இருக்க வாய்ப்பு அதிகம். 1967 முதல் 1980 வரை, ஆர்ச்சி குட்வின் எழுத்தில், அவர்தான் வரைந்தார். கொலம்பியாவில் வளர்ந்த பையன், அங்கே ஃப்ளாஷ் கார்டன் படத்தைப் பார்த்துப் பைத்தியமாகி, ரேமண்டின் கோட்டைத் தேடி வந்தவர். இந்த உளவாளித் தொடரை 1934இல் முதலில் வரைந்தவரும் அதே ரேமண்ட்தான். தன் ஆசான் தொடங்கிவைத்த தொடர் முப்பத்து மூன்று ஆண்டு கழித்து அவர் கைக்கு வந்தது. மூக்குக்குக் கீழே விழும் நிழல், போட்டிருக்கும் கோட் உடையின் மடிப்பு, தூரத்தில் மெல்லிய கோட்டில் நிற்கும் விமானம் ஆகியவற்றில் அந்த மரியாதை தெரியும். உங்களுக்குக் காரிகனோடு எந்தப் பால்யமும் இல்லை. பல தடவை பார்த்திருக்கிறீர்கள். உங்கள் கேள்விக்கு நான் சொல்ல நினைத்ததை நீங்களே செய்துவிட்டீர்கள்.

வரையக் கற்றுக்கொள்ள எதிலிருந்து தொடங்குவது என்றும் கேட்டிருக்கிறார். அந்த விமான நிலையக் காட்சியிலிருந்தே தொடங்குங்கள். பலூன்களை ஒரு வெள்ளைத் தாளால் மறைத்துவிட்டு, வார்த்தை இல்லாமல் என்ன புரிகிறது என்று எழுதிப் பாருங்கள். விகடனில் கோபுலு வரைந்த பேச்சில்லாத நகைச்சுவைப் படங்கள் கிடைத்தால் அவற்றையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு கட்டத்தை மட்டும் இரண்டு மடங்கு பெரிதாக, பென்சிலில் எடுத்து, மையில் முடியுங்கள். ஃபோனில் வேண்டாம். ஐவரி அட்டை, இந்தியன் இங்க், மலிவான நிப் ஒன்று போதும். கறுப்பை முதலில் வையுங்கள், கோட்டை அதற்கு அப்புறம். முடித்ததைப் படமெடுத்து இங்கே போடுங்கள். கூடவே நிப் பிடித்திருக்கும் கையையும் ஒரு படம் எடுங்கள், கோணத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.